இருபத்தேழே முக்கால் அங்குலம்

செப்டம்பர் 23, திங்கள்

டீசலின் காதுப் புண் ஆறிவிட்டது. இந்த மாவட்டத்திலேயே பெரிய பூனை அது. சண்டை போட்டது இரண்டாவது பெரியதோடு. ஜெயித்தது யார் என்று எழுத வேண்டியதில்லை.

மத்தியானம் சிக்னி போன் பண்ணினாள். செத்துப்போன என் தங்கை கரினின் ஒரே மகள். அக்டோபர் பதின்மூன்று, ஞாயிற்றுக்கிழமை, அவளுடைய புது வீட்டில் முதல் விருந்தாம். மாமனாரும் மாமியாரும் துலூத்திலிருந்து வருகிறார்கள். மாமனார் ராய்ஸ் ஏரிக் காவலராக இருந்து ஓய்வு பெற்றவர். படகோடு படகை ஒட்டி நிறுத்தி, நம் மீனை அளந்து பார்த்து அபராதம் போடுகிற வர்க்கம்.

"என்ன சமைக்கப் போற?" என்றேன்.

"கோழி."

"ஏரியிலேயே கெடந்த மனுஷனுக்குக் கோழியா? வால்ஐ மீன் போடு. மாமா கொண்டு வர்றேன். பெரிய ஏரியிலேருந்து. இந்த மாசம்தான் கொழுத்துப் போயிருக்கும்."

"நீங்க பெரிய ஏரிக்குப் போயிருக்கீங்களா மாமா?"

"போகாத வருஷம் எதுன்னு கேளு."

அவள் கேட்கவில்லை. பிறகு சொன்னாள்: "மீன் வந்தா சந்தோஷம். வராட்டி கோழி இருக்கு. ஆனா கதை மட்டும் வேணாம் மாமா. கல்யாணத்தன்னிக்கு பனி வார்ற வண்டியால ரயிலை இழுத்தேன்னு சொன்னீங்கள்ல? அதுலேருந்து என் மாமனார் என்னைப் பார்க்கிறப்பல்லாம் 'ரயில் சௌக்கியமா'ன்னு கேக்குறார். அம்மாவும் இல்ல. அந்த மேசையில என் பக்கம்னு இருக்கிறது அப்பாவும் நீங்களும்தான்."

கதையே கிடையாது என்று வாக்குக் கொடுத்தேன். வெர்லின் டொலெஃப்சன் வாக்குக் கொடுத்தால் கொடுத்ததுதான்.

ரயில் என்றால் முழு ரயில் இல்லை, ஒரு பெட்டி. பெட்டியும் ரயில்தானே? அசைந்தது என்று இப்போதும் சொல்வேன்.

செப்டம்பர் 24

பெரிய ஏரிக்கு நான் போனதில்லை. இங்கே எழுதலாம், டீசலுக்குப் படிக்கத் தெரியாது.

சின்ன ஏரிகளில் நான் பிடிக்காத மீன் இல்லை. வால்ஐ தவிர. அது என்னிடம் மாட்டாததற்குக் காரணம் எனக்குத் திறமை போதாது என்பதல்ல. எங்களுக்குள் இன்னும் அறிமுகம் ஆகவில்லை, அவ்வளவுதான்.

செப்டம்பர் 25, புதன்

சர்ச் நிலவறையில் காபி. மச்சான் ஹார்லன் வழக்கமான மூலையில், வழக்கமான பச்சைத் தொப்பியோடு. ஜெபத்துக்கும் சாப்பாட்டு மேசைக்கும் தவிர அந்தத் தொப்பி அவன் தலையை விட்டு இறங்காது. சிக்னியின் அப்பன். இலையுதிர்காலம் வந்தால் பெரிய ஏரிக்குத் தனியாகவே போய்த் தனியாகவே வருவான். பேச்சு அவனுக்குப் பல்வலி மாதிரி. பொய் அதைவிட. அதனால்தான் சர்ச் பணப்பெட்டிச் சாவி அவனிடம் இருக்கிறது.

"மச்சான், இந்தத் தடவை என்னையும் கூட்டிட்டுப் போ. சிக்னிக்கு வாக்குக் குடுத்துட்டேன்."

சர்க்கரை போடாத காபியைக் கலக்கிக்கொண்டே இருந்தான்.

"பேசுவியே."

"பேசமாட்டேன்."

"இப்பவே பேசுற."

"இது படகு இல்லியே மச்சான்!"

காபியைக் குடித்து முடித்துவிட்டுத்தான் வாயைத் திறந்தான். "பன்னெண்டாந்தேதி. அடைப்பான் உன் பொறுப்பு."

ரோட்டில் படகை இழுத்துப் போகும்போது அதன் அடியில் இருக்கும் அடைப்பானைக் கழற்றி வைக்கணும். ஒரு ஏரித் தண்ணீரும் அதிலிருக்கிற சிப்பிக் குஞ்சும் இன்னொரு ஏரிக்குப் போய்விடக் கூடாது என்று சட்டம். தண்ணீரில் இறக்கும் முன் திரும்ப மாட்டணும். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன் — அதற்கு மேல் எனக்குச் சொல்லிக்கொடுக்கப் பள்ளிக்கூடத்திடம் சரக்கு இல்லை — ஆனாலும் என்னைப் போன்ற மூளைக்காரனுக்கு ஒரு ரப்பர் கட்டையா வேலை?

செப்டம்பர் 28

இரைக்கடை லொரெட்டாவிடம் போனேன். கேட்கப் போகவில்லை, சரிபார்க்கப் போனேன்.

வால்ஐக்கு இமையே கிடையாதாம்! வெயிலில் கண் கூசுமாம். அதனால் பகலெல்லாம் ஆழத்தில் கிடந்துவிட்டு, இந்த மாதத்தில் பொழுது சாயும்போது பாறைத் திட்டுகளுக்கு, இடுப்பளவு தண்ணீருக்குக்கூட, மேலேறி வரும். பொடிமீன் கூட்டம் அங்கேதான் ஒதுங்குகிறது. அந்த மங்கலில் பொடிமீனுக்குக் கண் தெரியாது, இதற்குத் தெரியும்.

"டீசல் கண்ணு மாதிரியா? விளக்கு பட்டா மின்னுமா?" என்றேன்.

"அதேதான். ஆமா, நீ வருஷா வருஷம் போறவன்தானே? இதெல்லாம் தெரியாதா?"

"நீ தப்பில்லாம சொல்றியான்னு பார்த்தேன்."

சிரித்தாள். பெரிய ஏரியின் அளவுக் கணக்கையும் அவளே சொன்னாள். இருபது அங்குலத்துக்குக் கீழே என்றால் வைத்துக்கொள்ளலாம். இருபதிலிருந்து இருபத்தெட்டு வரை கட்டாயம் தண்ணீரில் விடணும், முட்டை போடுகிற தாய்கள். இருபத்தெட்டைத் தாண்டினால் ஆளுக்கு ஒன்று வைத்துக்கொள்ளலாம்.

அதாவது நடுத்தரப் பெரிய மீனுக்கு மன்னிப்பு, ராட்சச மீனுக்கு வாணலி. நான் ராட்சசனுக்காகத்தான் போகிறேன்.

அக்டோபர் 1

வால்ஐயாக இருந்தால் எப்படி இருக்கும்? கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, விளக்கை அணைத்து, என் வீட்டு நிலவறையில் அவரைக்காய் டப்பாவைத் தேடினேன். டீசல் நேராக நடந்து போனது. நான் போகவில்லை. முழங்கால் வீங்கியிருக்கிறது. ஆனால் ஒன்று புரிந்தது: பார்க்கிறவனுக்கு அவசரமே இல்லை.

அக்டோபர் 5

இலையுதிர்காலத்தில் ஏரி புரண்டு படுக்கும் என்றும் லொரெட்டா சொல்லியிருந்தாள். மேல்தண்ணீர் குளிர்ந்து கனத்துக் கீழே இறங்க, அடித்தண்ணீர் மேலே வருமாம். அது நடக்கிற வாரத்தில் மீன் எங்கே என்று யாருக்கும் தெரியாதாம். ஒரு ஏரி எப்படிப் புரளும்? ஊறுகாய் ஜாடியில் தண்ணீர் நிரப்பி, கறுப்புக் காபியைப் பனிக்கட்டியாக உறைய வைத்து மேலே மிதக்க விட்டேன். பழுப்பு நூல் நூலாகக் கீழே இறங்கியது! ஒரு மணி நேரம் நாற்காலியை விட்டு எழவில்லை. இதைக் கண்டுபிடித்ததற்குப் பல்கலைக்கழகத்தில் பட்டம் கொடுப்பார்கள். ஹார்லனுக்குப் போன் போட்டுச் சொன்னேன்.

"போன வாரமே புரண்டுடுச்சு" என்று வைத்துவிட்டான்.

அக்டோபர் 11, வெள்ளி

அடைப்பானைச் சட்டைப் பையில் வைத்துப் பொத்தான் போட்டாயிற்று. சிக்னி மறுபடி போன். "ஞாபகம் இருக்கா மாமா?" "மீனா?" "இன்னொண்ணு." இருக்கிறது, இருக்கிறது.

அக்டோபர் 12, சனி

எழுதக் கை வரவில்லை. விரல் விறைத்திருக்கிறது. இருந்தாலும் எழுதணும்.

படகைச் சரிவில் இறக்கும்போது, காபி ஜாடியில் ஏரியைப் புரட்டிய விஷயத்தை அவனுக்கு முழுசாக விளக்கிக்கொண்டிருந்தேன். கரையை விட்டுக் கொஞ்ச தூரம் போயிருப்போம். பாதம் ஜில்லென்றது. ஹார்லன் தன் பூட்ஸைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.

"அடைப்பான்" என்றான்.

சட்டைப் பையில். பொத்தான் போட்டபடி.

திட்டவில்லை. திட்டியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். கரைக்குத் திருப்பினான், தண்ணீரை வடித்தோம், மாட்டினேன், மறுபடி கிளம்பினோம். அதற்குப் பிறகு நான் வாய் திறக்கவில்லை. வாக்குக்காக இல்லை. வெட்கம்.

பெரிய ஏரி எப்படி என்று எழுதலாம் என்று பார்க்கிறேன். எதிர்க்கரை இல்லை. அவ்வளவுதான் எழுத வருகிறது.

பாறைத் திட்டுக்கு மேலே எஞ்சினை நிறுத்தினான். ஈயத் தலை வைத்த தூண்டில் முள்ளில் பொடிமீனைக் கோத்து, அடியைத் தொட்டுத் தொட்டு எடுத்தோம். முதல் இரண்டும் ஹார்லனுக்கு, பதினாறு அங்குலத்தில். வெளிச்சம் போகப் போகத் தண்ணீர் அப்படியே நின்றுவிட்டது. அடியில் இமையில்லாத எத்தனையோ கண்கள், நான் அவற்றைப் பார்க்காமல், அவை என் முள்ளைப் பார்த்துக்கொண்டு — நினைத்தால் முதுகு சிலிர்த்தது.

கடி என்றால் வெடுக்கென்று இழுக்கும் என்றுதான் ஊரெல்லாம் சொல்லியிருக்கிறேன். அப்படி இல்லை. கனம்தான் கூடியது. யாரோ ஈரத் துணியை முள்ளில் மாட்டிவிட்டது போல.

மீன் மேலே வந்தபோது ஹார்லன் வலையை நீட்டினான். மங்கலில் அதன் கண்தான் முதலில் தெரிந்தது. டீசல் கண்ணேதான், பச்சையும் பொன்னும். வயிறு வெள்ளை, முதுகு பழைய பித்தளை. அளவுப் பலகையில் படுக்க வைத்து வாலைச் சேர்த்து அமுக்கினான்.

"இருபத்தேழே முக்கால்."

"மச்சான், வாலை இன்னும் கொஞ்சம் அமுக்கேன்."

"அமுக்கிட்டேன்."

"கால் அங்குலம்தானே! யாருக்குத் தெரியப் போகுது?"

"எனக்கு."

இரண்டு கையாலும் தாங்கித் தண்ணீரில் பிடித்திருந்தோம். ஒரு தரம் செவுளை விரித்தது. பிறகு கை காலியாக இருந்தது.

அதற்குப் பிறகு ஒன்றும் கடிக்கவில்லை.

அக்டோபர் 13, ஞாயிறு

ஆறு பேருக்கு இரண்டு மீன். சிக்னி அவற்றைக் கைவிரல் அளவு துண்டுகளாக நறுக்கிப் பொரித்து, கோழிக்கு நடுவில் வைத்தாள். கோழி கல்யாணத்துக்கு வந்த கூட்டம் மாதிரி, மீன் மாப்பிள்ளை தோழன் மாதிரி.

நான் வாயைத் திறக்கவில்லை. ராய்ஸ்தான் ஆரம்பித்தார்.

"பெரிய ஏரிக்குப் போய் ரெண்டே ரெண்டா வெர்லின்? மிச்சத்தை ரயில் ஏத்திட்டுப் போயிடுச்சா?"

அவர் மனைவி சிரித்தாள். மாப்பிள்ளை கோரி தட்டைப் பார்த்தான்.

"ஒரு பெரியது மாட்டுச்சு. விட்டுட்டோம். இருபத்தேழே முக்கால்" என்றேன். அட்சரம் பிசகாத உண்மை. ஒரு வார்த்தை கூட்டவில்லை.

"தண்ணில விட்டது எப்பவும் இருபத்தேழே முக்கால்தான்! படகுக்குப் படகு கேட்டிருக்கேன்." வயிறு குலுங்கச் சிரித்தார்.

சிக்னி என்னைப் பார்த்தாள். கோபமாகக்கூட இல்லை. 'சொன்னேனே மாமா' என்கிற பார்வை. உண்மையைச் சொன்ன அன்றைக்குத்தானா அந்தப் பார்வை வரணும்? மேலே என்ன சொன்னாலும் அதுவும் கதையாகிவிடும். உருளைக்கிழங்கைக் கிளறிக்கொண்டிருந்தேன்.

அப்போது மேசையின் அந்தக் கோடியிலிருந்து சத்தம் வந்தது.

"இருபத்தொன்பது."

ஹார்லன்!

"நான்தான் அளந்தேன். இருபத்தொன்பது. இவன் கொறச்சுச் சொல்றான்."

ராய்ஸ் சிரிப்பை நிறுத்தினார். சர்ச் பணப்பெட்டிக்காரன் சொன்னால் யார் சந்தேகப்படுவார்கள்? ஆனால் அந்த ஆள் காவலர். முள்கரண்டியை மெதுவாகக் கீழே வைத்தார்.

"சம்பந்தி, இருபத்தெட்டைத் தாண்டினா வெச்சுக்கலாமே. விருந்துக்கு மீன் இல்ல, கையில இருபத்தொன்பது இருக்கு. ஏன் விட்டீங்க?"

ஹார்லனின் காது சிவந்தது. பிறகு கழுத்து. வாய் திறந்தது, மூடியது — வலையில் கிடக்கிற மீன் மாதிரியே. பாவம், பொய் சொல்லத் தெரிந்ததே தவிர அதைத் தாங்கிப் பிடிக்கத் தெரியவில்லை. முதல் பொய்க்கே யாராவது அளவுச் சட்டத்தில் போய் முட்டுவார்களா?

சிக்னிக்குக் கொடுத்த வாக்கு. கரின் புருஷனின் முகம். எதைப் பார்ப்பது?

"விடல. போயிடுச்சு" என்றேன். "மச்சான் சொல்லமாட்டான், கூச்சம். பலகையில மீன் கெடக்கு. இருபத்தொன்பது. இவன் ஆண்டவருக்கு நன்றி சொல்லணும்னு தொப்பியைக் கழட்டி முன்னால பிடிச்சான். கண்ணை மூடினான். நானும் மூடினேன். மீன் மூடல. அதுக்குத்தான் இமையே கிடையாதே! 'ஆமென்' வரைக்கும்கூடக் காத்திருக்கல. ஒரே துள்ளல், நேரா தொப்பிக்குள்ள தலையை விட்டு, தொப்பியோட தண்ணிக்குள்ள போயிடுச்சு. இன்னிக்குப் பெரிய ஏரியில பச்சைத் தொப்பி போட்ட வால்ஐ ஒண்ணு சுத்திட்டு இருக்கு. பிடிக்கிறவங்க தயவுசெஞ்சு சர்ச்ல குடுத்துடுங்க."

இதைச் சொல்லும்போதுதான் பார்த்தேன். ராய்ஸின் முதுகுக்குப் பின்னால், கதவோர ஆணியில், பச்சையாக, ஹார்லனின் தொப்பி.

ராய்ஸ் மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். கண்ணில் தண்ணீர். "எத்தனையோ சாக்குக் கேட்டிருக்கேன்! தொப்பி போட்ட மீனுக்கு நான் அபராதமே போட்டதில்ல!" கைக்குட்டை எடுக்கணும் என்று ஆணியில் மாட்டியிருந்த கோட்டின் பக்கம் திரும்பத் தொடங்கினார்.

"நீங்க உக்காருங்க மாமா, நான் எடுத்துத் தர்றேன்" என்று சிக்னி எழுந்தாள். அவருக்குத்தான் அந்த 'மாமா'. கதவுப் பக்கம் போனாள். கைக்குட்டையோடு வந்தாள்.

ஆணியில் தொப்பி இல்லை.

உட்காரும்போது என் தட்டில் மீதியிருந்த ஒரே மீன் துண்டை வைத்தாள். முகத்தில் ஒன்றுமே காட்டவில்லை. அப்படியே கரின்.

பாத்திரம் துடைக்கும்போது ஹார்லனிடம் கேட்டேன்: "ஏன் மச்சான் அப்படிச் சொன்ன?"

ஒரு தட்டைத் துடைத்துத் துடைத்து ஈரமே இல்லாமல் ஆக்கினான்.

"நீ நெசம் சொன்னே. யாரும் நம்பல" என்றான். கொஞ்சம் கழித்து, "இருபத்தெட்டரைன்னு சொல்லியிருக்கணுமோ?"

"அதுவும் தாண்டிடுது மச்சான். உனக்கு இது வராது. விட்டுடு."

அக்டோபர் 17, வியாழன்

சிக்னி வந்தாள். காகிதப் பையில் தொப்பி. "இது ஏரியில இருக்கு மாமா. அப்பா வீட்டுல இருந்தா என் மாமனார் எப்பவாச்சும் பார்த்துடுவார். உங்ககிட்ட இருக்கட்டும்." கிறிஸ்துமஸுக்கு எல்லாரும் அவள் வீட்டில்தானாம். ராய்ஸ் கேட்டாராம், வெர்லின் வருவார்தானே என்று.

சாயங்காலம் ஹார்லன் வெறுந்தலையோடு வாசலில் நின்றான். காது காற்றில் சிவந்திருந்தது. "சனிக்கிழமை" என்றான். "அடைப்பான் என்கிட்ட இருக்கு."

தொப்பி என் கதவாணியில் தொங்குகிறது. போட்டுப் பார்த்தேன். எனக்குக் கொஞ்சம் சின்னது.