இலங்கைக் கப்பலுக்குக் கை தூக்கியது

நவம்பர் 12, செவ்வாய்.

காலையில் கடலில் நம்பர் எழுதாத படகு ஒன்றைப் பார்த்தேன். பயத்தில் வலையை அறுத்துவிட்டு விலகி வந்து, போலீசுக்குப் போன் செய்தேன். நம் கோஸ்ட் கார்டு கப்பல் ஒரு பக்கம் வந்தது, இலங்கை நேவிக் கப்பல் மறுபக்கம் வந்தது. இரண்டும் பேசிவைத்து அந்தப் படகை மடக்கின. திரும்பும்போது இலங்கைக் கப்பல் எங்கள் படகை ஒட்டியே போனது. பிடிபட்ட படகுக்குள்ளே துப்பாக்கிகளாம். மீன் என்று வந்தால் இந்த இரண்டு நாட்டுக்கும் ஒரு வார்த்தை ஒத்துப்போகாது. எல்லை தாண்டினான் என்று என் தம்பி சேவியரைப் பிடித்துப் போனதும் இதே மாதிரி ஓர் இலங்கைக் கப்பல்தான். அவன் இன்னும் அங்கே ஜெயிலில் இருக்கிறான்.

சாயங்காலம் இன்ஸ்பெக்டர் எங்கள் ஊர் புன்னக்காயலுக்கே வந்தார்.

"இலங்கைக்காரங்க உமக்கு நன்றி சொல்லச் சொன்னாங்க வே."

"அப்பம் எந்தம்பிய விடச் சொல்லுங்க சார்."

"அது வேற பேச்சு வே. மேல உள்ளவங்க பேசணும்."

டீயைப் பாதியில் வைத்துவிட்டுக் கிளம்பினார். எனக்குக் கோபம் வரவில்லை. எதுவுமே வரவில்லை.

தம்பி உள்ளே இருந்தாலும் அவன் பங்கு மீன் அவன் வீட்டுக்குப் போய்விடும். இன்று வெறுங்கையோடு போய் நின்றேன். அவன் பெண்டாட்டி செல்வி மீனைப் பற்றிக் கேட்கவில்லை.

"அந்தக் கப்பல்ல ஒருத்தன் கையத் தூக்கிக் காட்டுனானாமே. நீங்களும் தூக்குனியளா, அத்தான்?"

கடலில் எவன் கை தூக்கினாலும் பதிலுக்குத் தூக்குவோம். யோசித்துச் செய்வதில்லை. தூக்கினேன் என்றேன்.

"அடுத்த தடவ பாத்தா, ஜெயில்ல அவிய சாப்பிட்டாவளான்னு கேளுங்க."

இன்றைக்கே கேட்கிற தூரத்தில்தான் அந்தக் கப்பல் இருந்தது.