பதினைந்தாவது கை

மார்ச் 9

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகம். மருத்துவமனைச் சலவை மெஷினில் கை சுட்டுக்கொண்டதாக எழுதியிருந்தாயே, ஆறிவிட்டதா? மருந்து போட்டாயா, இல்லை வழக்கம்போல ஊதிவிட்டு வேலைக்குப் போய்விட்டாயா?

பக்கத்துவீட்டு டெய்லர் அண்ணன் மேயராகிவிட்டாரா என்று கேட்டிருந்தாய். ஆகவில்லை. நீ போன பிறகு வந்த முறை இது, சொன்னால்தான் புரியும். இப்போது மேயரை ஊர் நேரடியாகத் தேர்ந்தெடுப்பதில்லை. வார்டுக்கு ஒருவராக ஊர் பதினைந்து பேரை அனுப்பும், நம் வார்டுக்கு நான். அந்தப் பதினைந்து பேரும் கை தூக்கி மேயரைத் தேர்ந்தெடுப்போம். போன தேர்தலில் நம் மொழிக்காரர் கட்சியும் அண்ணனுடைய மொழிக்காரர் கட்சியும் கூட்டு. நான்கு வருடத்தில் முதல் மூன்று வருடம் நம் ஆள், கடைசி வருடம் அவர்கள் ஆள் என்று பேச்சு. அவர்கள் ஆள் என்றால் நம் அண்ணன்தான். அவர் கடை இருக்கிற வார்டில் நின்று ஜெயித்தவர்.

செவ்வாய்க்கிழமை பதவி கைமாற வேண்டும். நம் ஆட்கள் பேச்சு மாறி, பழைய மேயரே இருக்கட்டும் என்று கை தூக்கிவிட்டார்கள். ஏழுக்கு ஏழு. சமமாக வந்தால் தலைமை தாங்குகிறவருக்கு இன்னொரு ஓட்டு உண்டு. தலைமை தாங்கியவர் அந்த மேயரேதான். தனக்கே போட்டுக்கொண்டார்.

எனக்கு அன்று காலையிலிருந்தே வயிற்றுப்போக்கு. ஓட்டெடுப்பு நடந்தபோது கழிவறையில் இருந்தேன். என்ன செய்வது, என் நேரம். சாயங்காலம் பக்கத்துவீட்டு அண்ணி கஞ்சி வைத்துக்கொண்டு வந்தாள்.

என் கடையில் மின்விசிறிகள் குவிந்து கிடக்கின்றன. வெயில் வந்தால்தான் ஊருக்கு என் ஞாபகம் வரும்.

அத்தானைக் கேட்டதாகச் சொல்.

உன் தம்பி


மார்ச் 27

தம்பிக்கு,

கை ஆறிவிட்டது. தழும்பு இருக்கும் என்றார்கள், இருந்துவிட்டுப் போகட்டும்.

போனில் கேட்டால் சிக்னல் இல்லை என்று கம்பி நீட்டிவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். பக்கத்துவீட்டு அண்ணி ஞாயிற்றுக்கிழமை என்னைக் கூப்பிட்டாள். நம் மொழியைத் தட்டுத்தடுமாறிப் பேசினாள். "தம்பி துரும்பா போயிட்டான், எங்க வீட்டுக்காரருக்குக் கை தூக்க முடியலயேன்னு அவன் மூஞ்சியே பாக்கச் சகிக்கல" என்று அவள் அழுதாள். அவள் புருஷனுக்குப் பதவி போனதற்கு அழவில்லை, உன் வயிற்றுக்காக அழுதாள்.

நீ கல்லைத் தின்றாலும் செரிப்பவன். உனக்கு வயிறு கெட்டு நான் பார்த்ததே இல்லை, கணக்குப் பரீட்சை அன்றைக்குத் தவிர.

பூசி மெழுகாமல் எழுது. என்ன நடந்தது?

அக்கா


ஏப்ரல் 14

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் வந்து நாலைந்து நாள் சட்டைப்பையிலேயே கிடந்தது.

வயிற்றுக்கு ஒன்றுமில்லை. முந்தின நாள் கட்சிச் செயலாளர் கடைக்கு வந்தார். "உன் வார்டுல பாதிப்பேர் அவங்க. எதிர்த்துக் கை தூக்கச் சொல்லல. ஆனா நீ அங்க இருக்காத, போதும்" என்றார். அண்ணனுக்குத் தூக்கினால் அடுத்த முறை சீட்டு கிடையாது என்றும் சொன்னார். அண்ணனுக்கோ நான் ஏற்கெனவே வாக்குக் கொடுத்திருந்தேன். எழுந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, பதினான்கு பேர் பார்க்க வெளியே போனேன் அக்கா. நடித்ததுகூட நன்றாகத்தான் நடித்தேன்.

கூசிப்போகிறது. அண்ணி வந்தால் கடையின் உள்பக்கம் போய்விடுகிறேன். அவர்கள் ஆட்கள் நம் கட்சி மேல் கொதித்துப்போய் இருக்கிறார்கள். ஆனால் என்னைக் கண்டால் மட்டும் தோளில் தட்டுகிறார்கள். நம் ஆட்களில் எதிர்த்துக் கை தூக்காத ஒரே ஆள் நான்தானாம். செயலாளருக்கும் அது தெரிந்துவிட்டது. அந்த வார்டில் இனி என்னைத் தவிர வேறு யாரும் ஜெயிக்க முடியாது என்று இப்போதே சீட்டை உறுதி செய்துவிட்டார்.

திட்டி எழுது. தாங்கிக்கொள்வேன்.

தம்பி


மே 2

தம்பிக்கு,

திட்டுவதற்குக்கூட மனது வரவில்லை. இங்கே என்னோடு சலவைக்கு நிற்பவர்களில் ஏழெட்டு மொழிக்காரர்கள் இருக்கிறார்கள். எங்கள் தெருவில் இரண்டு மொழி என்றாலும் ஒரே வீடு மாதிரி என்று அவர்களிடம் பீற்றிக்கொண்டு திரிந்தேன். நேற்று ஒருத்தி உன்னைப் பற்றிக் கேட்டாள். பேச்சை மாற்றினேன்.

நீ செய்ததை அண்ணனிடம் உன் வாயால் சொல். சொன்ன பிறகு எனக்கு எழுது. அதுவரை எழுதாதே.

அக்கா


ஜனவரி 18

அன்புள்ள அக்காவுக்கு,

சொல்லிவிட்டேன். இத்தனை மாதம் ஆயிற்று. ஒவ்வொரு வாரமும் அவர் கடை வாசல் வரை போய், நூல் கண்டு வாங்கிக்கொண்டு திரும்பினேன். வீட்டில் தைக்க ஆளில்லை, நூல் மட்டும் பெட்டி நிறைய இருக்கிறது.

போன வாரம் வேட்புமனு கொடுக்கிற நாள் நெருங்கியதும் உள்ளே போனேன். அண்ணன் ஒரு கோட்டுக்குப் பொத்தான் வைத்துக்கொண்டிருந்தார். "அண்ணே, அன்னிக்கு எனக்கு வயிறு நல்லாத்தான் இருந்துச்சு" என்றேன்.

"தெரியும்" என்றார். ஊசி நிற்கவில்லை. "ஓட்டெடுப்பு முடிஞ்சதும், நீ எங்கயாவது மயங்கிக் கிடக்கறியோன்னு தண்ணி பாட்டிலை எடுத்துக்கிட்டு நான்தான் தேடி வந்தேன். உள்ள நீ போன் பேசிக்கிட்டு இருந்த. 'முடிஞ்சிருச்சுல்ல, நான் வெளிய வரலாமா'ன்னு கேட்ட."

இவ்வளவு நாள் ஏன் கேட்கவில்லை என்று கேட்டேன்.

"என்னத்தக் கேக்கறது. தினமும் பாக்கற முகம்."

இந்தத் தடவை நிற்கப்போவதில்லை, மனு கொடுக்கமாட்டேன் என்றேன். அப்போதுதான் ஊசியைக் கீழே வைத்தார்.

"நீ நிக்கலன்னா ஏன்னு எங்க வீட்டுல கேப்பா. நான் என்ன சொல்லட்டும்? உங்க ஆளுங்கள்ல ஒருத்தனாவது நமக்காக நின்னான்னு அவ நம்பிக்கிட்டு இருக்கா. பிள்ளைங்ககிட்டயும் அதையே சொல்றா. அதை நீ வந்து கெடுக்காத. அவகிட்ட வாயத் தொறக்காத. போய் நில்லு."

அவர் கோபமாகச் சொல்லவில்லை அக்கா. செருப்பால் அடித்திருந்தால் வாங்கிக்கொண்டு வந்திருப்பேன்.

மனு கொடுத்துவிட்டேன். நேற்று அண்ணி தன் ஆட்கள் இருக்கிற சந்துகளுக்கெல்லாம் என்னை அழைத்துக்கொண்டு போனாள். ஒவ்வொரு கதவாகத் தட்டி, தன் மொழியில், "இவன் நம்ம பக்கம் கை தூக்க இருந்தவன், அன்னிக்குப் பாவம் உடம்பு முடியல" என்று சொல்லி ஓட்டுக் கேட்டாள். அந்த மொழி எனக்குப் புரியாது என்று நடிக்கவும் வழியில்லை. நான் பின்னால் நின்று தலையாட்டினேன்.

கடைசி வீட்டில் ஒரு வயதான அம்மா வெளியே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். "இப்ப உடம்பு பரவால்லையா தம்பி?" என்று கேட்டார்.

"பரவால்லம்மா" என்றேன்.

உன் தம்பி