அலுமாரியில் கிடந்த கார்டுக்குக் கட்டணம்

புரட்டாதி 9, செவ்வாய்

கோபம் இன்னும் ஆறவில்லை. வங்கிக்காரர் பள்ளிக்கூடத்துக்கே வந்து ஆசிரியர்கள் எங்கள் தலையில் கட்டிவிட்டுப் போன கிரெடிட் கார்டுக்கு வருடாந்தக் கட்டணம் நாலாயிரம் ரூபாயாம். கையில் இருந்தால் செலவு வரும் என்று பயந்து, வந்த நாளிலிருந்து அதை அலுமாரியில் சேலைக்கடியில் வைத்திருந்தேன். ஒருநாளும் வெளியே எடுக்கவில்லை. அதுதான் பிழையாம்.

பின்னேரம் வங்கிக்குப் போன் எடுத்தேன். ஒரு பெண் கதைத்தாள்.

"வருசத்தில குறிச்ச அளவுக்குக் கார்டால சாமான் வாங்கியிருந்தா, கட்டணத்தைத் தள்ளுபடி செய்திருப்பம் ரீச்சர்."

"முள்ளியவளைச் சந்தையில கார்டை நீட்டினா ஆர் பிள்ளை கத்தரிக்காய் தருவினம்?"

அவள் அதையே திரும்பவும் சொன்னாள்.

"அப்ப கார்டை நிப்பாட்டிவிடுங்கோ. எனக்கு வேண்டாம்."

"கொஞ்சம் பொறுங்கோ ரீச்சர்" என்று போனவள் உடனேயே திரும்பி வந்தாள். "இந்த முறை கட்டணத்தை முழுசாத் தள்ளுபடி செய்திருக்கிறம். கார்டை வச்சிருங்கோ."

வேண்டாம் என்று சொன்ன பிறகுதான் தள்ளுபடி செய்கிறார்கள். பேசாமல் கட்டுகிறவர்களுக்கு ஒன்றும் இல்லை. எங்கள் ஆசிரியர்களில் பதினொரு பேரின் அலுமாரியில் இதே கார்ட் கிடக்கிறது. நாளைக்கு ஆசிரியர் அறைப் பலகையில் வங்கியின் போன் இலக்கத்தை எழுதப்போகிறேன். அதற்குக் கீழே, என்ன சொல்ல வேண்டும் என்பதையும்.