பிள்ளையாருக்குக் கொடுத்த கார்

வில், சுவிற்சர்லாந்து
புதன்கிழமை

அன்பு மகள் யாதவிக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. மெல்பேர்னில் நீ சுகமாக இருக்க வேண்டுமென்று பிள்ளையாரை வேண்டுகிறேன், அவர் இப்போது எங்கள் வீட்டுக்குக் கொஞ்சம் கடமைப்பட்டவர், ஏன் என்று கீழே எழுதுகிறேன். நாங்களும் சுகம், அதாவது உடம்பைக் கேட்டால் சுகம். வீடியோவில் கதைத்தால் அப்பா பக்கத்திலேயே இருந்து, நான் வாய் திறக்க முதல் இங்கை ஒரு குறையும் இல்லைப் பிள்ளை என்று முடித்துவிடுவார், உனக்குத் தெரியாததில்லை. அதனால்தான் வேலை இடத்தில் கோப்பி இடைவேளையில் இருந்து கையால் எழுதுகிறேன். தபாலில் போட்டால் உன் கைக்கு வருவதற்குள் காரியம் முடிந்துவிடும், ஆகவே பக்கம் பக்கமாகப் படம் பிடித்து அனுப்புவேன், எழுத்து விளங்காவிட்டால் பெரிதாக்கிப் பார். நீ அழ அழ உன்னைச் சனிக்கிழமைகளில் தமிழ்ப் பள்ளிக்கு இழுத்துக்கொண்டு போனது இப்படி ஒரு நாளுக்குத்தான் என்று வைத்துக்கொள்.

அப்பாவின் வேலை போனது உனக்குத் தெரியும், போன விதம் தெரியாது. ஜன்னல் செய்யும் அந்தத் தொழிற்சாலையில் அவர் நின்ற மெசினை ஸ்லோவாக்கியாவுக்குக் கொண்டுபோவதென்று முடிவாகி, அங்கிருந்து இரண்டு பேரை அனுப்பினார்கள். மெசினை அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் பொறுப்பு உன் அப்பாவுக்கு. மனிதர் ஒரு மாதம் முழுக்க வீட்டுக்கு வந்து, நல்ல பெடியள் மனோகரி, டக்கென்று பிடிக்கிறாங்கள் என்று பூரித்துப்போனார். அவர்கள் முழுக்கப் பிடித்து முடிந்த கிழமை இவருக்கு ஒரு பெட்டி சொக்லேட்டும் கடிதமும் கொடுத்து அனுப்பினார்கள். சொக்லேட் நல்லதுதான், உனக்கு எடுத்து வைத்திருக்கிறேன்.

கடன் கதை நீளம், சுருக்கமாகச் சொல்கிறேன். கார் வாங்க ஒன்று, மாமியின் மகள் கலியாணத்துக்கு ஒன்று, யாழ்ப்பாணத்து வீட்டுக்கு மேல்மாடி கட்ட ஒன்று, அந்த மாடியில் இப்போது புறாக்கள் வாடகையில்லாமல் இருக்கின்றன. சம்பளம் இருந்தவரை ஒன்றின் தலையில் மற்றதை ஏற்றிச் சமாளித்தார். சம்பளம் நின்றதும் கடனைக் கட்டச் சொல்லி அரசாங்கம் அனுப்புகிற பெத்ரைபுங் கடிதங்கள் வரத் தொடங்கின, ஒவ்வொன்றுக்கும் தபால்காரிக்குக் கையெழுத்து வைக்க வேண்டும், இப்போது அவள் அப்பாவைக் கண்டால் பேனையைத்தான் முதலில் நீட்டுகிறாள். கடைசியில் நான் பிடிவாதம் பிடித்து, சங்காலனில் கடன்பட்டவர்களுக்கு ஆலோசனை சொல்கிற இடத்துக்கு அழைத்துக்கொண்டு போனேன். அங்கே ஃபிறாவ் எக்லி என்று ஒரு பெண், உன் வயதைவிடக் கொஞ்சம் கூட. எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, கொங்கூர்ஸ் போவதை யோசியுங்கள் என்றாள். எங்கள் பாசையில் வங்குரோத்து. அதற்கு நீதிபதியிடம் போய் என்னிடம் காசில்லை என்று சொல்ல வேண்டும், அப்படிச் சொல்வதற்கு முன்னால் முற்பணம் கட்ட வேண்டும். இல்லாதவன் என்று பெயரெடுக்கவும் இந்த நாட்டில் கையில் கொஞ்சம் இருக்க வேண்டும். அப்பா அதைக் கேட்டுவிட்டு, பாத்தீரோ, இதுக்கும் எங்களுக்கு வசதி காணாது என்றார், ஏதோ பெரிய மறுப்புச் சொன்னமாதிரி. இரண்டாம் முறை வரும்போது வீட்டில் உள்ள பொருட்களை யோசித்துக்கொண்டு வாருங்கள், கார் இருந்தால் அதையும் கதைக்க வேண்டும் என்று எக்லி சொல்லி அனுப்பினாள்.

கார் என்ற சொல்லுடன்தான் சனி பிடித்தது. அந்தக் காரை நீ அறிவாய். முந்திய நாட்களில் உனக்குக் காய்ச்சல் வந்தால் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பேன், அவர் போய் காரின் எண்ணெயைத் தொட்டுப் பார்ப்பார். எத்தனை மாப்பிள்ளைகளும் சாமத்தியப்பட்ட பிள்ளைகளும் அதில் பூச்சுற்றி ஏறி இறங்கினார்கள். வேலை போய்விட்டது, இனிக் காருக்கு என்ன தேவை என்று பறித்துவிடுவார்கள் என்ற பயம் அவருக்கு. அந்தப் பயத்தை என்னிடம் சொல்லியிருந்தால் நானே எக்லிக்கு ரெலிபோன் எடுத்துக் கேட்டிருப்பேன். அவர் போய்க் கேட்டது கோயில் தலைவர் தவராஜா அண்ணையிடம், அதுவும் செருப்புக் கழற்றுகிற இடத்தில் நின்று. காசில்லை என்று சொல்லவில்லை. காரைக் கோயில் பேருக்கு மாத்தி விடலாம் எண்டு யோசிக்கிறன் அண்ணை, ஓட்டுறது நான்தான், பேர் மட்டும் பிள்ளையாருக்கு என்று இழுத்திருக்கிறார். தவராஜா அண்ணையும் ஓம் ஓம், வடிவாச் செய்யலாம் என்றிருக்கிறார். இரண்டு பேரும் ஒரே விசயத்தைத்தான் கதைத்ததாக இரண்டு பேரும் நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள்.

எனக்கு இது தெரியவந்தது வெள்ளிக்கிழமைப் பூசையில். தீபம் காட்டி முடிந்ததும் மைக்கில் உபயம் வாசித்தார்கள். இன்றைய பொங்கல் இன்னார், பூமாலை இன்னார் என்று வந்து, அடுத்ததாக, எம்பெருமானுக்குத் தனது சொந்த வாகனத்தையே உபயமாக வழங்கிய வில் நகரைச் சேர்ந்த சச்சிதானந்தன் குடும்பத்தினர் என்று ஒலித்தது. நான் பெண்கள் பக்கத்தில் திருநீறு பூசிக்கொண்டிருந்தேன், கை நெற்றியிலேயே நின்றுவிட்டது. அப்பாவை முன்னுக்கு அழைத்துப் பொன்னாடை போர்த்தி மாலையும் போட்டார்கள். சனம் கைதட்டியது. அவர் கைகூப்பிக்கொண்டு நின்றார், முகத்தில் ஒரு சிரிப்பு, பல் பிடுங்கப் போனவன் வைத்தியருக்குக் காட்டுவது போல. வாயைத் திறந்து, இல்லை ஐயா, பேர் மட்டும்தான் என்று அந்த இடத்தில் எப்படிச் சொல்வது? கடவுளுக்கு என்று மைக்கில் வாசித்ததைத் திருப்பிக் கேட்ட குடும்பம் எங்கள் சனத்துக்குள் இன்னும் இல்லை. அடுத்த கிழமை இரண்டு கதவிலும் பிள்ளையார் படம் ஒட்டி, கோயில் பேரில் நம்பர் பிளேற்றும் பூட்டிவிட்டார்கள். செருப்புடன் ஒருவரையும் ஏறவிடாத காரில் இப்போது ஊஸ்டரிலிருந்து வாழைக்குலை வருகிறது.

அதன் பிறகு எங்களுக்கு வந்த மரியாதையைக் கேள். வேலை போன மனுசன் காரைத் தூக்கிக் குடுக்கிறார் எண்டால் எவ்வளவு ஒதுக்கி வைச்சிருப்பார் என்று சனம் கணக்குப் பார்த்துவிட்டது. புதுத் தேர் செய்கிற குழுவுக்கு அப்பாதான் தலைவராம். ஒருவர் வீட்டுக்கு வந்து தேத்தண்ணி குடித்து, மெதுவாகக் கைமாற்றுக் கேட்டார், இவரும் இல்லை என்று சொல்லாமல் பாப்பம் என்று சொல்லி அனுப்பினார். உனக்குக்கூட இரண்டு சம்பந்தம் வந்திருக்கிறது. ஒன்று லோசானில், மாப்பிள்ளை ஆஸ்பத்திரியில் நல்ல வேலை, தாய்க்காரி எங்களைப் போலக் குடும்பம் கிடைக்காது என்கிறாள். பெத்ரைபுங் கடிதங்களையும் சீர்வரிசையாகத் தரலாமோ என்று கேட்க வாய் உன்னியது, அடக்கிக்கொண்டேன்.

பிறகு எக்லியிடம் இரண்டாம் முறை போனோம். அப்பா கதிரையில் நிமிர்ந்து இருந்து, எங்களிடம் கார் இல்லை என்றார். அவள் தாள்களைப் புரட்டிவிட்டு, உங்கள் மனைவி விடிய ஐந்து மணிக்கு மேட்டுக் கிராமத்து முதியோர் இல்லத்தில் துப்புரவு வேலை தொடங்குகிறாரே, அந்த நேரத்துக்கு அங்கே பஸ் இல்லையே, எப்படிப் போகிறார் என்று கேட்டாள். இதுவரை நான் காரில் கொண்டுபோய் விட்டேன் என்றார் அப்பா. அவள் பேனையை வைத்துவிட்டாள். குடும்பத்தில் ஒருவர் வேலைக்குப் போக வேறு வழியில்லாவிட்டால், பழைய காரை விட்டுவைப்பார்கள், உங்கள் கார் பெரும்பாலும் உங்களுடனேயே இருந்திருக்கும் என்றாள். இன்னொன்றும் சொன்னாள், கடன் கழுத்தில் இருக்கும்போது பொருளைச் சும்மா கொடுத்தால், அதை ஏன் கொடுத்தாய் என்று பிறகு கேட்பார்கள், ஆகவே மீட்டு எடுங்கள். அந்தக் காரைக் காப்பாற்றியிருக்கக்கூடியது என் துடைப்பந்தடி, அதைத் தொலைத்தது அவருடைய புத்தி. ரயிலில் வரும்போது ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார். எனக்குக் கோபம் கோபமாக வந்தது, அதே நேரம் பாவமாகவும் இருந்தது, உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது.

திருப்பிக் கேளுங்கோ என்றேன். கேட்டால் காரணம் சொல்ல வேணும், காரணம் சொன்னால் நான் இந்தச் சனத்துக்குள்ளை எப்பிடி நடக்கிறது என்கிறார். இப்போது என்னுடன் வேலை செய்யும் போர்த்துக்கல்காரி பெர்ணாண்டா தன் காரில் ஏற்றிக்கொண்டு போகிறாள். அவளுக்கு லீவென்றால் மேடு ஏறி நடக்க வேண்டும். அப்பாவும் டோர்ச் லைற் பிடித்துக்கொண்டு கூடவே நடக்கிறார், நடை உடம்புக்கு நல்லதாம். அப்படி இரண்டு நாள் பிந்திப் போய்விட்டேன், இனியும் பிந்தினால் இந்த நேர வேலையை வேறு ஆளுக்குக் கொடுப்பேன் என்று பொறுப்பாக இருப்பவள் சொல்லிவிட்டாள். என் வேலையும் போனால் வீட்டு வாடகைக்கு வழியில்லை, அவ்வளவுதான் விசயம்.

இதற்கு உன் அப்பா கண்டுபிடித்த மருந்து நீ. சொந்தமாகக் கிளினிக் திறக்க நீ சேர்த்து வைத்திருக்கிற காசைக் கேட்டு வாங்கி, ஒரு கார் எடுத்து, மிச்சத்தைக் கடன்காரர் வாயில் போட்டு, வங்குரோத்து என்ற சொல்லே ஊருக்குத் தெரியாமல் முடித்துவிடலாமாம். நாளைக்கு வியாழக்கிழமை, நீ வேலையால் வந்திருக்கும் நேரம் பார்த்து ரெலிபோன் எடுக்கப்போகிறார். அவருக்குத் தெரியாமல் நான் ஒன்று செய்துவிட்டேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

நேற்று நான் தவராஜா அண்ணையின் பலசரக்குக் கடைக்குப் போனேன். கறிவேப்பிலை வாங்குகிற சாட்டில் மற்றவர்கள் போகும் வரை நின்று, அண்ணை, எங்களிட்டைக் காசில்லை, கடன் ஆலோசனை சொல்லுற எக்லி எண்ட மனுசி சொன்னபடி வங்குரோத்துக்குப் போகப்போறம், கார் இல்லாட்டில் என்ரை வேலையும் போகும், திருப்பித் தாங்கோ என்று ஒரே மூச்சில் சொன்னேன். அவர் கடைக் கதவைச் சாத்திவிட்டு வந்து, குரலைத் தணித்து, தங்கச்சி, அந்த எக்லி எண்டுற மனுசியின்ரை நம்பர் உம்மட்டை இருக்கோ என்றார். நான் யாருக்கு என்று கேட்கவில்லை. அப்போதுதான் கவனித்தேன், அவருடைய குளிர்ப்பெட்டிகள் பாதிக்கு மேல் அணைந்து கிடந்தன. ஒரு பற்றுச்சீட்டின் பின்பக்கம் நம்பரை எழுதிக் கொடுத்தேன். காரை என்ன சொல்லித் திருப்பித் தருவது, கோயிலில் நிறுத்த இடமில்லை என்று சொல்லட்டோ என்று கேட்டார். வேண்டாம் அண்ணை, வாற வெள்ளிக்கிழமைப் பூசையிலை மைக்கிலை உள்ளதைச் சொல்லுங்கோ, எங்கடை பேரைச் சொல்லியே சொல்லுங்கோ, ஒரு ஆள் வெளியிலை சொன்னால் மற்ற ஆக்களுக்கும் மூச்சு வரும் என்றேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஓம் என்றார். கறிவேப்பிலைக்குக் காசு வாங்கவில்லை, இரண்டு வங்குரோத்துக்காரரும் ஒருவரை ஒருவர் உபசரித்துக்கொண்டோம். அவருடைய கடன் கதையை ஒருவருக்கும் சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன், ஆகவே நீயும் சொல்லாதே.

காரைத் திருப்பிக் கேட்டதை அப்பாவுக்கு நாளைக்கு நானே சொல்வேன். ஆனால் உன் காசு வரும் என்ற நினைப்பு மனதில் இருக்கும் வரை அவருடைய காதில் வேறொன்றும் ஏறாது. முற்பணத்துக்கு வழி இருக்கிறது, என் சீட்டு அடுத்த மாதம் விழுகிறது, எக்லிக்கு அது தெரியும், அப்பாவுக்குத்தான் தெரியாது. நீ காசு தந்தால் அந்த மனிதர் இன்னும் பத்து வருசம் பொன்னாடையுடன் நடப்பார், நீ பத்து வருசம் அந்தரப்படுவாய். தேவாரம் படிக்கச் சொன்னாலும் கணக்குச் செய்யச் சொன்னாலும் நீ அவருக்கு ஒருநாளும் மாட்டேன் என்று சொன்ன பிள்ளையில்லை, அதுதான் எனக்குப் பயம்.

வேளைக்குச் சாப்பிடு, இரும்புச்சத்துக் குளிசையை நிறுத்தாதே, தலை ஈரத்துடன் படுக்காதே. லோசான் சம்பந்தத்தைப் பற்றி யோசிக்க வேண்டாம், வெள்ளிக்கிழமைக்குப் பிறகு அவர்களாகவே யோசிப்பார்கள். எங்கே இருந்தாலும் நீ நிமிர்ந்து நடக்க வேண்டும், அதற்கு மேல் நாங்கள் உனக்குத் தர ஆசீர்வாதம் ஒன்றும் கையில் இல்லை. நாளைக்கு அவர் கேட்கும்போது சும்மா சிரித்துச் சிரித்துக் கேட்பார், அது உனக்குத் தாங்காது, எனக்குத் தெரியும். இல்லை அப்பா என்று சொல்லு. அழுகை வந்தால் அழு பிள்ளை, அழுதுகொண்டு சொன்னாலும் இல்லை இல்லைதான்.

உன் நினைவாகவே இருக்கும்,
அம்மா மனோகரி