உன் அப்பா டிவி விற்ற கதை

அன்பு மகளுக்கு,

இங்கே நானும் உன் அப்பாவும் சண்டை போட்டுக்கொள்ளும் அளவுக்குத் தெம்பாக இருக்கிறோம். நீயும் மாப்பிள்ளையும் அதே தெம்போடு இருக்க வேண்டும். போனில் சொன்னால் உன் அப்பா பக்கத்தில் நின்று திருத்திக்கொண்டே இருப்பார், அதனால்தான் எழுதுகிறேன்.

போன மாதம் ஒரு காலேஜ் பெண் வந்து, கெட்டுப்போன டிவி, செல்போனையெல்லாம் முறையாகப் பிரித்தெடுக்க ஒரு வண்டி வரப்போகிறது, அதற்கு எவ்வளவு கட்டணம் கொடுப்பீர்கள் என்று வீடு வீடாகக் கேட்டாள். வாய் நிறைய அங்கிள் என்று கூப்பிட்டுவிட்டாளா, உன் அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. மாடி வீட்டு வக்கீல் சொன்னதைப் போல இரண்டு மடங்கு சொல்லி அனுப்பினார். வண்டி வந்த அன்று பார்க்க வேண்டுமே, வக்கீல் வீட்டில் பூட்டுத் தொங்குகிறது, உன் அப்பா பாத்ரூமுக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார். வண்டி போனதும் வெளியே வந்து, பழைய சாமான்காரன் நமக்குக் காசு குடுத்துட்டு எடுத்துட்டுப் போறான், இவங்க நம்ம பொருளையும் வாங்கிட்டு நம்மகிட்டயே காசு கேக்குறாங்க என்று நியாயம் வேறு. அன்றைக்கே பழைய டிவியை அந்தச் சாமான்காரனிடம் பேரம் பேசி விற்றுவிட்டு, ஏதோ சொத்து வாங்கியவர் மாதிரி மீசையைத் தடவிக்கொண்டார்.

இனி சொல்வதைக் கேட்டு நீ பதறக் கூடாது. பின்னால் இருக்கும் காலி மனையில் அந்தச் சாமான்காரரின் ஆட்கள் செம்புக் கம்பிக்காக வயரைக் கொளுத்துகிறார்கள், அந்தப் புகை பட்டால் எனக்கு இழுப்பு வருகிறது. சொன்னால் உடனே டிக்கெட் போடுவாய் என்று மறைத்தேன். புகை நிற்காவிட்டால் வீட்டை மாற்றிவிடுங்கள் என்கிறார் டாக்டர். நீ தவழ்ந்த வீட்டை விட்டு நான் எங்கே போவேன்? டிவி விற்ற மறுநாள் சாயங்காலம் இழுப்பு பொல்லாததாக வந்துவிட்டது. உன் அப்பா வாளித் தண்ணீரோடு பின்னால் ஓடித் தீயை அணைத்திருக்கிறார். கருகிக் கிடந்தது நம் டிவி. நீ சின்ன வயதில் ஒட்டிய பட்டாம்பூச்சி ஸ்டிக்கர் ஓரத்தில் பாதி மிச்சம் இருந்ததாம். உள்ளே வந்து என் முதுகைத் தடவிக்கொண்டே, உன் மூச்சையா நான் பேரம் பேசி வித்தேன் என்று அழுதுவிட்டார். அவர் அழுது நான் பார்த்ததே இல்லையடி, இழுப்பைவிட அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

இப்போது அவரே வீடு வீடாகப் போய், சொன்ன தொகையைக் குடுங்க என்று நிற்கிறார். வயரைக் கொளுத்தாமல் வண்டியில் ஏற்றினால் பழைய சாமான்காரருக்கும் அந்தக் கட்டணத்தில் ஒரு பங்கு என்று பேசி முடித்திருக்கிறார். பாதி வீடு கொடுத்துவிட்டது. வக்கீல் இன்னும் யோசிக்கிறாராம், உன் அப்பா விடுவதாக இல்லை.

நேரத்துக்குச் சாப்பிடு, மாப்பிள்ளையிடம் கோபப்படாதே. இருவரும் நூறாண்டு நன்றாக இருங்கள். பழுதான லேப்டாப்பை வரும்போது அப்பாவிடம் விற்கத் தருகிறேன் என்றாயே, கொண்டு வராதே. அங்கேயே முறையாகக் கொடு, கேட்கிற கட்டணத்தைப் பேரம் பேசாமல் கட்டு. அங்கேயும் ஏதாவது ஒரு வீட்டுப் பின்பக்கம் யாரோ ஒருத்தியின் அம்மா மூச்சு விட்டுக்கொண்டிருப்பாள்.

உன் வரவை எண்ணியிருக்கும்
அம்மா