பெல்ட் படாத பக்கம்

என் வாலுப்பெண்ணுக்கு அம்மா எழுதுவது.

நீ அங்கே வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கி எழுந்து வேலைக்குப் போய் நன்றாக இருக்கிறாய் என்று நம்புகிறேன். இங்கே நாங்கள் எல்லோரும் நலம் என்று எழுதத்தான் கை தானாகப் போகிறது, ஆனால் நலமா இல்லையா என்பது வருகிற வியாழக்கிழமைதான் தெரியும். அது உனக்கு ஏற்கெனவே தெரியும், உனக்குத் தெரியும் என்பது எனக்கும் தெரியும், ஆகையால் இந்த நாடகத்தை இந்த வரியோடு முடித்துக்கொள்வோம். என் வலது மார்பில் அக்குள் ஓரமாக ஒரு கட்டி இருக்கிறது. ஊசியால் துளி சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள். எழுதிவிட்டேன் பார், வானம் ஒன்றும் இடிந்து விழவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை நீ போனில் கூப்பிட்டு, குரலில் சர்க்கரையைக் கொட்டி, அம்மா வலது கையைத் தூக்க முடியுதா என்று கேட்டாயே, அப்போதே பிடிபட்டுவிட்டாய். எந்தப் பெண்ணாவது தன் அம்மாவிடம் சும்மா போன் செய்து வலது கையைப் பற்றி விசாரிப்பாளா? நான் திரும்பி உன் அப்பாவைப் பார்த்தேன், அவர் ஜன்னல் திரையின் தையலை ஆராய்ந்துகொண்டிருந்தார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற சாமர்த்தியம் உங்கள் இருவருக்கும் எங்கிருந்து வந்தது என்று எனக்குப் புரியவில்லை, என்னிடமிருந்து வரவில்லை.

போனில் பேசலாமே என்பாய். போன் மணி அடித்தால் உன் அப்பா ஓடி வந்து ஸ்பீக்கரைப் போட்டுவிட்டுப் பக்கத்திலேயே காவல் நிற்கிறார், நான் கோபமாக ஒரு வார்த்தை சொன்னால் நீ அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிறாய், பிறகு உன்னைத் தேற்றுவதே என் வேலையாகிவிடுகிறது. அதனால்தான் இந்தக் காகிதம். பயிற்சி வண்டியை மைதானத்து மதில் நிழலில் நிறுத்திவிட்டு, ஸ்டீயரிங் மேல் அட்டையை வைத்து எழுதிக்கொண்டிருக்கிறேன். அடுத்து ஓட்டக் கற்க வருகிறவள் நாலு மணிக்குத்தான் வருவாள். மாடி வீட்டு நர்ஸ் விடுமுறை முடிந்து உன் ஊருக்கே திரும்புகிறாள், நாளைக்கு விமானம், அவள் கையில் கொடுத்துவிடுவேன். யாரும் நடுவில் பிரித்துப் படிக்க மாட்டார்கள் என்று நம்புகிறேன், இந்த வீட்டில் எதையும் சொல்வதற்கில்லை.

முதலில் என்னையே திட்டிக்கொள்கிறேன், அப்போதுதான் மற்றவர்களைத் திட்டும்போது மனசு உறுத்தாது. ரொட்டிக்கடைக்காரி ஒருத்தி என்னிடம் ஓட்டப் பழகுகிறாள், தங்கமான பெண், ஆனால் புறா குறுக்கே வந்தாலும் பிரேக்கை எட்டி மிதிப்பாள். அப்படி ஒரு நாள் மிதித்தாள், பெல்ட் என்னைப் பிடித்து இழுத்தது, எங்கே அடிபட்டது என்று தடவிப் பார்த்தபோதுதான் கையில் அது தட்டுப்பட்டது. மொச்சைக்கொட்டை அளவுக்கு, கெட்டியாக, வலி கொஞ்சமும் இல்லாமல். பெல்ட் இழுத்த வீக்கம், தானாக வற்றிவிடும் என்று முடிவு கட்டினேன். குளிக்கும்போதெல்லாம் தொட்டுப் பார்ப்பேன், பெல்ட் வீக்கம்தான் என்பேன், துண்டைச் சுற்றிக்கொண்டு வந்துவிடுவேன். பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடுமா? பிறகு ஒரு காலை, புதிதாகச் சேர்ந்த ஒரு பெண்ணுக்குப் பெல்ட் போடச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். இதோ பாரும்மா, இந்தத் தோளில் இறங்கி இப்படிக் குறுக்கே வந்து இந்த இடுப்பில் மாட்டணும் என்று என் மேலேயே விரலால் கோடு போட்டுக் காட்டினேன். என் இருக்கையில் பெல்ட் இடது தோளில் இறங்கி, நடு நெஞ்சு வழியாக வலது இடுப்புக்குப் போகிறது. வலது அக்குள் பக்கம் அது எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. எத்தனை வருஷமாக எத்தனை பேருக்கு அந்தக் கோட்டைப் போட்டுக் காட்டியிருக்கிறேன், என் உடம்பு விஷயத்தில் மட்டும் அது கண்ணில் படவில்லை. பாதிப் பேச்சில் நிறுத்திவிட்டு என் பெல்ட்டையே குனிந்து பார்த்தேன், அந்தப் பெண் தான் ஏதோ தப்பாக மாட்டிவிட்டோமென்று பயந்து பெல்ட்டைக் கழற்றிக் கழற்றி மாட்டினாள்.

அன்று சாயங்காலமே உன் அப்பாவிடம் சொன்னேன், மறுநாள் டாக்டரிடம் போனோம். அங்கே வரவேற்பில் இருந்த பெண், கூடம் நிறைய ஆட்கள் உட்கார்ந்திருக்க, என்ன பிரச்சினைன்னு சொல்லுங்க என்று கடைசி நாற்காலி வரை கேட்கும்படி கத்தினாள். நானும் அதே சத்தத்தில் மார்பில் கட்டி என்றேன். உடனே அவள் குனிந்து, மெதுவாச் சொல்லுங்கம்மா என்கிறாள், நான் என்னவோ கெட்ட வார்த்தை பேசிவிட்டதைப் போல. கால் சுளுக்கு என்றவனை யாராவது மெதுவாகச் சொல்லச் சொன்னார்களா? உள்ளே போனால் அந்தப் பெரிய டாக்டர் இன்னும் ஒரு படி மேலே. நான் எதிரில் மலை மாதிரி உட்கார்ந்திருக்கிறேன், அவர் உன் அப்பாவைப் பார்த்து, இவங்களுக்கு வலி இருக்கா, இவங்க வயசு என்ன என்று கேட்கிறார். கட்டி எனக்கு, கேள்வி அவருக்கு. உன் அப்பாவுக்கு என் வயது என்றைக்குத் தெரிந்திருக்கிறது, தலைமை ஆசிரியராக ஒரு பள்ளிக்கூடத்தையே நடுங்க வைத்தவர் என் வயதைக் கேட்டதும் பாடம் படிக்காத பையன் மாதிரி என்னைப் பார்த்து முழிக்கிறார். டாக்டர், கட்டி இருக்கிற ஆள் இங்கே இருக்கேன், என்கிட்டயே கேளுங்க என்றேன். உன் அப்பா மேஜைக்கு அடியில் என் காலை அழுத்தினார். அழுத்தட்டும், பயிற்சி வண்டியில் என் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு, இங்கே அவர் பக்கம் பிரேக் கிடையாது.

ஸ்கேன் எடுத்தவள் சின்னப் பெண், ஐஸ் மாதிரி ஒரு பசையைத் தடவிவிட்டுத் திரையைப் பார்த்துப் பொத்தானை அமுக்கிக்கொண்டே போனாள், ஓரிடத்தில் மட்டும் நின்று திரும்பத் திரும்ப அளந்தாள். என்னம்மா என்று கேட்டால், டாக்டர் சொல்வாங்க என்கிறாள். ஊசி போட்டது வேறொரு டாக்டரம்மா. அவள் ஒருத்திதான் என் கண்ணைப் பார்த்துப் பேசினாள். ஸ்டேப்ளர் அடிக்கிற மாதிரி ஒரு சத்தம் வரும், அசையாதீங்க என்று முன்கூட்டியே சொல்லிவிட்டுத்தான் செய்தாள், சொன்னபடியேதான் சத்தமும் வந்தது. நிறையக் கட்டி சாதாரணக் கட்டியாத்தான் இருக்கும், ஆனா தொட்டுப் பாத்து யாரும் சொல்ல முடியாது, பரிசோதனைதான் சொல்லணும் என்றாள். பயப்படாதீங்க என்று அவள் சொல்லவே இல்லை, அதனாலேயே எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது. முடிவை யார்கிட்ட சொல்லணும் என்று கேட்டாள், என்கிட்ட, என் முகத்தைப் பாத்து என்றேன், சரி என்று தலையசைத்தாள்.

வீட்டு நிலவரம் கேள். யாரும் அந்த வார்த்தையைச் சொல்வதில்லை. அது, அந்த விஷயம், அந்த டெஸ்ட், இப்படித்தான் பேச்சு. நான் அறைக்குள் நுழைந்தால் பேச்சு மாறி வெயிலைப் பற்றி வந்துவிடுகிறது. உன் அப்பா குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுகிறார், சத்தம் கேட்காதாம். மேல் தொட்டி காலியாகி, பாதி கழுவிய பாத்திரத்தோடு நான் நின்றதுதான் மிச்சம். யாரிடமும் சொல்லக்கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கியவர் மறுநாளே உன் அத்தையிடம் சொல்லியிருக்கிறார். தம்பி சொன்னது தமக்கைக்குப் பொறுக்குமா, ஊர் வாயை மூட உலைமூடி உண்டா, சொந்தக்காரர் அத்தனை பேரும் இப்போது என்னைப் பார்த்துக் கழுத்தைச் சாய்த்துக்கொண்டு சிரிக்கிறார்கள்.

அத்தையைப் பற்றி எழுத ஆரம்பித்தால் பேனா கொதிக்கிறது. பழக்கூடையோடு வந்து, படுத்துக் கிடக்கிறவளைப் பார்க்க வந்தவள் மாதிரி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள், நானோ அப்போது ஏணி மேல் நின்று மின்விசிறியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். கறுப்பு உள்ளாடை போடக்கூடாதாம், போனைச் சட்டைக்குள் வைத்திருப்பேனாம், ஆம்பளை மாதிரி நாள் பூராவும் வண்டியில உக்காந்தா உடம்புல சூடு ஏறாதா என்றாள். இதெல்லாம் போகட்டும். கடைசியாகப் பெருமூச்சு விட்டு ஒன்று சொன்னாள் பார், பிள்ளைக்குச் சீக்கிரமே பாலை நிறுத்திட்டல்ல, அதான் கட்டிக்கிட்டுது. எனக்கு வெந்த புண்ணில் வேல் பாய்ந்தது போல இருந்தது. நீ அங்கே லைசென்ஸ் வாங்கி வண்டி ஓட்டுகிறாய், உன் பால்குடிக் கணக்கை இன்னும் தீர்க்கவில்லையாம். பல் முளைத்து நீ கடித்த கடியில் நான் அலறியபோது, போதும் நிறுத்து, இது பிள்ளையா எலியா என்று சொன்னதே இந்தப் புண்ணியவதிதான். ஏணியிலிருந்து இறங்கி அதை அப்படியே ஞாபகப்படுத்தினேன். டாக்டரம்மாவிடமும் கேட்டேன், நீங்க செஞ்சது செய்யாததுன்னு தேடாதீங்க, யாருக்கும் வரலாம் என்றாள். அதையும் அத்தைக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டேன். அவள் இப்போது என்னோடு பேசுவதில்லை, இந்தக் கட்டியால் கிடைத்த ஒரே நிம்மதி அதுதான்.

நேற்று ராத்திரி சாப்பாட்டில் உன் அப்பா என் தட்டில் சத்தமில்லாமல் இரண்டாவது முட்டையை வைத்தார். அத்தோடு எனக்குப் பொறுமை போய்விட்டது. என் வண்டியில் ஒரு சட்டம் உண்டு, உனக்கும் அப்படித்தான் சொல்லிக் கொடுத்தேன், கண்ணில் படுவதை வாயால் சொல்லிக்கொண்டே ஓட்ட வேண்டும், முன்னால் லாரி, ஓரத்தில் சைக்கிள், தூரத்தில் குழந்தை என்று. சொல்லாமல் விட்டதில்தான் போய் மோதுவார்கள். நீங்களும் பார்த்ததைச் சொல்லுங்கள், சொல்லாமல் இந்த முட்டையைத் தொடமாட்டேன் என்றேன். அவர் ஒரு மடக்குத் தண்ணீர் குடித்தார். பிறகு, முன்னால தண்ணி ஜக்கு, பக்கத்துல உப்பு என்று ஆரம்பித்தார், எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எதிர்ல என் பொண்டாட்டி என்றார். அவளுக்கு மார்ல கட்டி, எனக்கு ரொம்பப் பயமா இருக்கு என்றார். எனக்கும்தான் என்றேன். அவ்வளவுதான், இருவரும் ஆளுக்கொரு முட்டையைச் சாப்பிட்டோம். இன்று காலை தொட்டியில் தண்ணீர் நிரம்பி இருந்தது.

மனசு லேசானதும் உண்மை எல்லாம் கொட்டிவிட்டார், நீ டிக்கெட் எடுத்திருப்பதையும் சேர்த்து. எப்போது வருகிறாள் என்றேன், வியாழக்கிழமைக்கு அடுத்த வாரமாம். முடிவு தெரிஞ்சப்புறம் வந்தாப் போதும், ஒண்ணுமில்லைன்னா அவ லீவு வீணாப் போகுமே என்று இவர்தான் யோசனை சொன்னாராம், நீயும் சரியென்றாயாம். இதைக் கேட்டதிலிருந்து எனக்கு ஆறவே இல்லை. கெட்ட செய்தி என்றால் வருவாய், நல்ல செய்தி என்றால் வர மாட்டாய், அப்படித்தானே? உன் முகத்தைப் பார்ப்பதற்கு எனக்குப் புற்றுநோய் வந்தாக வேண்டுமா? ஒன்றும் இல்லை என்று டாக்டரம்மா சொல்லிவிட்டால் நான் யார் கையைப் பிடித்துக்கொண்டு சிரிப்பது? உன் லீவு வீணாகட்டும் என்றுதான் நான் கும்பிடாத சாமியையெல்லாம் கும்பிட்டுக்கொண்டிருக்கிறேன். நீ நல்லதுக்குத்தான் செய்தாய் என்று தெரியும், நல்லதுக்கென்று என்னைச் சுற்றி இத்தனை பேர் செய்கிற வேலையில் எனக்கு மூச்சு முட்டுகிறது.

வேறு சேதி ஒன்றும் இல்லை. ரொட்டிக்கடைக்காரி தேர்வில் தேறிவிட்டாள், புறா வரவில்லை. உன் அறை ஜன்னல் கொக்கி உடைந்ததை அப்பா கம்பி வைத்துக் கட்டியிருக்கிறார், பார்க்கச் சகிக்கவில்லை. நீயும் மாதம் ஒரு தடவை குளிக்கும்போது கையால் தடவிப் பார், ஏதாவது தட்டுப்பட்டால் வலி இல்லையே என்று விட்டுவிடாதே, என்னைப் போல பெல்ட் மேல் பழி போடாதே, நேராக டாக்டரிடம் போ. வெட்கப்பட்டு மெதுவாகச் சொல்லாதே. குளிர் காலத்தில் காலுறை போட்டுக்கொண்டு தூங்கு. நோய் நொடி இல்லாமல், யாருக்கும் பயப்படாமல், தீர்க்காயுசாக நீ இருக்க வேண்டும், அதற்கு என் ஆசி எப்போதும் உண்டு.

நாலு மணிக்காரி மதிலோரம் வந்து நிற்கிறாள், இறங்கி அந்தப் பக்கம் போய் உட்கார வேண்டும். மறக்காமல் செய்யவேண்டியதைச் சொல்கிறேன், புதன்கிழமைக்குள் இங்கே வந்து சேருகிற மாதிரி டிக்கெட்டை மாற்று. டாக்டரம்மாவின் மேஜைக்கு எதிரே இரண்டு நாற்காலிதான் இருக்கிறது. ஒன்றில் நான். மற்றதில் உன் அப்பா உட்கார்ந்தால் தரையை மிதித்தே ஓட்டை போட்டுவிடுவார், பின்னால் நிற்பதாக அவரே ஒப்புக்கொண்டார். இத்தனை வருஷம் ஊரில் உள்ளவர்கள் பக்கத்திலெல்லாம் நான் உட்கார்ந்திருக்கிறேன், என் பக்கத்து இருக்கையில்தான் யாரும் இல்லை. அதில் நீ வந்து உட்கார், வாலு. பிரேக்கை மட்டும் தொடாதே.

உன் அம்மா