முந்நூற்று அறுபதில் நின்ற சூடு

ஜூன் 9

சாரல் வந்துட்டு! குற்றாலத்து மலையே தெரியல. ஆய்வகத்து ஜன்னல் மூன்றையும் திறந்து வைத்துக்கொண்டுதான் ரியாக்டரில் மக்னீசியம் பொடியை நிரப்பினேன். முகத்தில் தூறல் விழ விழ வேலை செய்கிற சுகம் இருக்கே!

இந்தப் பொடி ஹைட்ரஜனைக் குடிக்கும்போது சூடு தரும். மறுபடி சூடேற்றினால் ஹைட்ரஜனைத் துப்பிவிட்டு அந்தச் சூட்டைச் சேர்த்து வைத்துக்கொள்ளும். வேண்டும்போது எடுத்துக்கலாம். மூணு வருஷமா இதே பைத்தியம் எனக்கு.

ஜூன் 11

குடிக்கவில்லை. முந்நூறு டிகிரிக்கு ஏற்றி வால்வைத் திறந்தால், அழுத்தமானி அசையாமல் நிற்குது. ஏன்? ஏன்?

ஜூன் 12

இன்றும் இல்லை.

ஜூன் 14

கண்டுபிடிச்சிட்டேன். அந்தப் பாழாப்போன ஜன்னல்! சாரல் ஈரம் பட்டு, ஹைட்ரஜன் உள்ளே போக முடியாதபடி பொடி மேல் தோல் கட்டிட்டு. தென்காசிக்காரிக்குச் சாரலைக் கண்டா படிச்சதெல்லாம் மறந்திரும் போல.

வழிகாட்டி சங்கரேஸ்வரி மேடத்திடம் ஒளிக்காமல் சொன்னேன். திட்டவில்லை. "ஒரு பாட்டில் பொடிதான் மிச்சம், ஹுஸ்னா. அதுவும் போச்சுன்னா ரியாக்டரை முத்துகுமரனுக்குக் கொடுத்திருவேன்."

பக்கத்து மேசைக்காரன். நல்லவன்தான். இருந்தாலும் வயிறு எரியுது.

ஜூன் 19

ஊரே அருவிக்கு ஓடுது. நான் ஜன்னலை அடைத்துவிட்டு, ஈரம் அண்டாத ஆர்கான் வாயு நிரப்பிய கண்ணாடிப் பெட்டிக்குள் கையை விட்டு, வேர்த்துக் கொட்டக் கடைசிப் பாட்டில் பொடியை நிரப்பினேன்.

பொண்டாட்டி நினைப்பு வந்து, சுஹைப் மச்சான் தான் மாஸ்டரா இருக்கிற குற்றாலத்துப் புரோட்டாக் கடையிலிருந்து போன் போட்டார். "ஏட்டி, ஐந்தருவில நல்ல தண்ணி விழுது. வாரியா?"

போனை வைங்கன்னேன்.

ஜூன் 23

குடிச்சிட்டு!!! குடிச்சிட்டு!!!

அழுத்தமானி விறுவிறுவென்று இறங்கியது. பிறகு நானூறுக்கு ஏற்றி ஹைட்ரஜனைத் தொட்டிக்கு அனுப்பினேன். ஹீட்டரை அணைத்தேன். முந்நூறுக்கு ஆறியதும், ஹைட்ரஜன் திரும்பி வர வால்வைத் திறந்தேன். முந்நூற்றுப் பத்து... முப்பது... முந்நூற்று அறுபது. அங்கேயே நின்னுட்டு!

மச்சானுக்குச் சொன்னதும் சின்னப் புரோட்டாக் கல்லைத் தூக்கிக்கொண்டு வந்துட்டார். ரியாக்டரிலிருந்து வரும் சூட்டுக் காற்றில் அதை வைத்து, ஒன்றன்பின் ஒன்றாக ஆறு போட்டார். ஆறாவதில் கையை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தார். "என்னட்டி இது? மாவு விழுந்தா கல்லு குளிரணும்லா. சூடு எறங்கவே மாட்டேங்குதே!"

அவர் சொன்னப்புறம்தான் எனக்கே நம்பிக்கை வந்தது. குதிச்சேன். மேடம் ரெண்டு புரோட்டா சாப்பிட்டாங்க.

ஜூலை 1

முத்துகுமரன் என் மேசைக்கு வந்து நின்றான். "அக்கா, ரியாக்டர் எனக்கு வாரத்துல ஒருநாள் கிடைக்குமா?"

வியாழக்கிழமை கொடுத்தேன்.